துரை என்ற பூனையிடம் நான் சொன்னது

மாப்பிள்ளையின் காது பெரிது என்று நான் முதலில் சொன்னது ஒரு பூனையிடம்தான்.

அன்று சனிக்கிழமை. பினாங்குப் பாலத்துக்குக் கடலில் தூண் நட்டுக்கொண்டிருந்த காலம். பெருநிலத்திலிருந்து தீவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் இன்னும் ஃபெரியில்தான் வந்தார்கள். நிபோங் திபாலிலிருந்து ஒரு குடும்பம் அன்று என்னைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

"ஃபெரியில கூட்டமா இருக்கும்லா. அஞ்சு மணிக்கு மேலதான் வந்து சேருவாங்க. நீ பின்னாலயே இரு. பூனைக்கு ஏதாச்சும் போடு, பாவம், பசியில கத்துது" என்றாள் அம்மா.

அம்மாவுக்குப் பூனையின் பசியைப் பற்றி அதற்கு முன் ஒருநாளும் கவலை இருந்ததில்லை. நான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

டத்தோ கிராமாட் சாலைக்குப் பின்னால் ஒரு லோரோங் சந்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். முன்னால் கூடம், பின்னால் அடுப்படி. நடுவே பலகைத் தடுப்பு. அது கூரை வரை எட்டாது; கூடத்தில் யாராவது தும்மினால் அடுப்படியில் குழம்பு கலங்கும் என்று அப்பா சொல்வார்.

அரைகுறையாகக் கட்டிய புதுச் சேலையோடு மணையில் உட்கார்ந்து நெத்திலித் தலைகளைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். தலையில் மல்லிகை, கையில் கருவாட்டு வாசம். எதிரே துரை. செம்பழுப்பு நிறக் கடுவன், நுனியில் முறுக்கிக்கொண்ட குட்டை வால். தோட்டத்துத் துரைமாதிரி எல்லோரையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டே நடக்கும் என்பதால் அந்தப் பெயர்.

"கேளு துரை" என்றேன். "போட்டோவுல காதப் பாத்தியா? கரண்டு மீட்டர் பாக்கற வேலையாம். அந்தக் காதுக்கு மீட்டர் ஓடற சத்தம் ரோட்லேருந்தே கேக்கும். வீட்டுக்குள்ள வர வேண்டியதே இல்ல!"

துரை ஒரு தலையை நக்கிவிட்டு அடுத்ததைக் கேட்டது. நான் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனேன்.

கணவாய்க்குப் பதில் மீன்

இந்தத் தொடருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குத் திக்குவாய்.

ஏதோ லேசாகத் தடுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சொந்தப் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தால் முதல் எழுத்து உதட்டிலேயே பூட்டிக்கொள்ளும். கழுத்து நரம்பு புடைக்கும். கண் தானாக மூடிக்கொள்ளும். எதிரே நிற்பவர் முதலில் சிரிப்பார், பிறகு பயப்படுவார், பிறகு எனக்கு உதவுவதாக எண்ணி அவரே ஒரு பெயரைச் சொல்லுவார். பார்வதியா? பங்கஜமா? களைத்துப்போய், ஆமாம் என்று தலையாட்டிய நாட்களும் உண்டு. என் பெயர் பத்மாவதி. ஆனால் என்னைப் பங்கஜம் என்றே நம்பி, "வாங்க பங்கஜம், புதுச் சேலை வந்திருக்கு" என்று வாய் நிறையக் கூப்பிட்ட துணிக்கடைக்காரர் ஒருவர் வெகுகாலம் இருந்தார்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் நாசி கண்டார் சோறு கட்டிக்கொண்டு வர என்னை அனுப்புவார்கள். அப்பாவுக்குக் கணவாய்க் கறி என்றால் உயிர். நான் போனால் மீன்தான் வரும். மீன் என்ற சொல் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும், கணவாய் வராது. கையால் காட்ட வேண்டியதுதானே என்பீர்கள். காட்டினேனே! "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று வரிசையில் பின்னால் நின்றவர் கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மீன்தான். துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதும் வேலையில் நாளெல்லாம் கத்திக் களைத்து வரும் அப்பா, ஒரு வார்த்தை கேட்காமல் மீனைச் சாப்பிட்டார். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சை என்னவோ செய்கிறது.

படிப்பு முடிந்ததும் பாயான் லெப்பாஸ் பக்கம் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தேன். முகமூடி போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியில் குனிந்தபடி, நகத்தைவிடச் சிறிய சில்லுகளைப் பார்க்க வேண்டும். பேச வேண்டியதில்லை. அதற்காகவே அந்த வேலை பிடித்திருந்தது.

ஓர் ஆராய்ச்சி

இப்படிப்பட்ட வாய் பூனையிடம் திக்காது. ஒரு சொல்லில்கூட. மழை பெய்கிறமாதிரி கொட்டும்.

சின்ன வயதிலேயே எனக்கு இது பெரிய விந்தையாக இருந்தது. அழுவதைவிட ஆராய்வது சுகமாக இருந்ததால் ஆராய்ந்தேன். ஜாம் போத்தலில் சண்டை மீன் வளர்த்தேன், அதனிடம் திக்கவில்லை. அம்மாவின் கோழிகளிடம் திக்கவில்லை. கோழி பிடிக்க வந்த பாம்பைத் திட்டியபோதுகூட, அவ்வளவு பயத்திலும், ஒரு எழுத்துத் தவறவில்லை.

சரி, தமிழில்தான் இப்படியோ என்று அடுத்த வீட்டுச் சீன அக்காவின் நாயிடம் மலாயில் பேசிப் பார்த்தேன். சரளமாக வந்தது. கொஞ்சம் ஹொக்கியன் சீனமும் எடுத்துவிட்டேன். நாய் வாலாட்டியது. அந்த நேரம் அக்கா துணி காயப்போட வெளியே வந்தார். "அடடே, நல்லா பேசுறியே!" என்று மலாயில் சொன்னார். அவ்வளவுதான். அதே நாயிடம், அதே சொல், தொண்டையில் நின்றுவிட்டது.

ஆக, மனிதர் யாராவது கேட்டால் திக்கும். கேட்கவில்லை என்றால் திக்காது. அப்படித்தான் முடிவு கட்டினேன். அந்த முடிவை ஒரு மைனா கெடுத்தது.

அப்பா வழக்கமாக முடிவெட்டும் கடையில் ஒரு மலை மைனா இருந்தது. வருகிறவர்களை "யாரு? யாரு?" என்று கேட்கும். ஒருநாள் அப்பாவைத் தேடிப் போனேன். கடைக்காரர் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார். வேறு ஒரு ஈ காக்கை இல்லை. மைனா தலையைச் சாய்த்து என்னைப் பார்த்து, "யாரு?" என்றது.

நான் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். பூட்டிக்கொண்டது!

ஒரு பறவை முன்னால் கழுத்து நரம்பு புடைக்க நின்றேன். மைனா பொறுமையிழந்து "யாரு? யாரு?" என்று இன்னும் இரண்டு தடவை கேட்டுவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டது. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், அந்த மைனாவும் என்னைப்போலத் திக்கக் கற்றுக்கொண்டதா என்று ஆவலாகக் கேட்பார்கள். இல்லை. அதற்கு அவ்வளவு அக்கறை கிடையாது.

வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். மைனா மனிதர் இல்லை. கேலி செய்யாது. ஆனால் கேள்வி கேட்கும், பதில் பேசும். அப்படியானால் என் வாய்க்குப் பயம் மனிதர்கள்மேல் இல்லை. பதில்மேல்தான்.

தம்பி பிறந்தபோது இது உறுதியாயிற்று. தொட்டிலில் கிடந்தவனிடம் மணிக்கணக்காகப் பேசினேன், கதை சொன்னேன், ஒரு திக்கல் இல்லை. மனிதக் குட்டியிடம் திக்காமல் பேசுகிறேன் என்று பூரித்துப்போனேன். பிறகு அவன் பேச ஆரம்பித்தான். "அக்கா, அது என்னா?" என்று காக்காயைக் காட்டிக் கேட்ட அன்று, "கா" என்று தொடங்கி நின்றுவிட்டேன். அவன் என் வாயையே பார்த்தான். அன்றைக்குப் பின்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஒரு ஆளை இழந்துவிட்டமாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு பூனைகள்தான். ஒன்று போனால் இன்னொன்று. கடைசியாக வந்தது துரை.

பலகைக்கு அந்தப் பக்கம்

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அதற்கு முன்னும் சிலர் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். எல்லாம் ஒரே கதை. தட்டோடு வருவேன். "பேரென்னம்மா?" என்பார்கள். நான் திறப்பேன், பூட்டிக்கொள்ளும், அம்மா அவசரமாக முந்திக்கொண்டு சொல்வாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். வடையை முடித்துக்கொண்டு, "போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்பார்கள். யாரும் சொல்லி அனுப்பியதில்லை.

இந்த முறை தரகரிடம் அம்மா, "பொண்ணு ரொம்ப அடக்கம், அதிகம் பேசாது" என்று சொல்லிவைத்திருந்தாள். திக்கலைப் பற்றி மூச்சு விடவில்லை. கல்யாணம் ஆகாமல் போனால் போகட்டும், அதைத் தாங்கிக்கொள்வேன். தாலி ஏறிய பிறகு தெரியவந்து, ஏமாற்றிவிட்டார்கள் என்று திருப்பி அனுப்பினால் அந்தக் கூடத்தில் அப்பாவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? அம்மாவிடம் சொல்ல முயன்றேன். பாதியிலேயே, "நீ சும்மா இரு பத்மா" என்றுவிட்டாள்.

அதனால் துரையிடம் சொன்னேன். காதில் ஆரம்பித்து, மீசைக்குப் போய், கடைசியில் அங்கே வந்து சேர்ந்தேன்.

"அடக்கமாம் துரை! நானு அடக்கமா? உனக்குத் தெரியாதா என் வாயி? எனக்குத் திக்குது, அவ்ளோதான். பேச ஆசை இல்லாம இல்ல. கல்யாணத்துக்கு அப்புறம் அந்த மனுசன் ஆசையா 'உன் பேரச் சொல்லு'ன்னு கேட்டா நான் என்னா பண்றது? மூடி மறைச்சிக் கட்டிக் குடுக்கறாங்க. எனக்கு வேணாம் இந்தத் திருட்டுத்தனம். நானே சொல்லிடப் போறேன். ஆனா 'எனக்குத் திக்கும்'னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவங்க கடைசி ஃபெரியப் புடிச்சிப் போயிடுவாங்க!"

துரையின் ஒரு காது பலகைத் தடுப்புப் பக்கம் திரும்பியது. பல்லியாக இருக்கும் என்று நினைத்தேன்.

பல்லி இருமியது.

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். முகத்தில் சொட்டு இரத்தம் இல்லை. "தட்ட எடுத்துக்கிட்டு வா" என்றாள். "நாலு மணிக்கே வந்துட்டாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. ஐந்து மணி என்றது பொய். பூனைக்குப் பசி என்றது பொய். யாரும் கேட்கவில்லை என்று நான் நம்பினால்தான் வாய் திறக்கும் என்பதை அம்மா எப்படியோ தெரிந்துவைத்திருக்கிறாள். பலகைக்கு அந்தப் பக்கம் அவர்களைச் சத்தமில்லாமல் உட்காரவைத்து, என் சுத்தமான பேச்சை அவர்கள் காதில் விழவைக்கத் திட்டம் போட்டிருக்கிறாள். நான் பூனையிடம் என்ன பேசுவேன் என்பதை மட்டும் யோசிக்கவில்லை!

கூடத்தில்

தட்டில் தேத்தண்ணிக் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா நடுவில். பக்கத்தில் அவர், கணேசன். காது போட்டோவில் இருந்ததைவிடப் பெரிது. போதாக்குறைக்குச் செக்கச்செவேலென்று சிவந்திருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்க்கவில்லை. என் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஏங்க, எனக்கு ஒண்ணும் புரியல. பொண்ணு கடகடன்னு ரேடியோமாதிரி பேசுது. ஆனா திக்கும்னு அதுவே சொல்லுது. எது நெசம்?"

அம்மா முந்திக்கொண்டாள். "அது சும்மாங்க. பூனைகிட்ட வெளையாட்டுக்கு ஏதாச்சும் சொல்லிக்கிட்டு இருப்பா."

"அதானே பாத்தேன்! இவ்ளோ நல்லா பேசற பொண்ணுக்கு எங்க திக்குது?" மாப்பிள்ளையின் அம்மாவின் முகம் தெளிந்தது. கோப்பையை எடுத்துக்கொண்டார்.

பாருங்கள், அம்மாவின் திட்டம் பலித்துவிட்டது. நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தலையைக் குனிந்து ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். அம்மாவின் கண் என்னைக் கெஞ்சியது. அந்தக் கண்ணைப் பார்த்தால் சிரித்துவிடுவேன் என்று பயந்து, மாப்பிள்ளையின் காதையே பார்த்தேன்.

வாயைத் திறந்தேன்.

"வெ..." நின்றது. கண் மூடிக்கொண்டது. கழுத்து இறுகியது. "வெ... வெ..." வெளியே ஐஸ் கச்சாங் விற்பவரின் மணி வந்து, வீட்டைக் கடந்து, திருப்பத்தில் மறைந்தது. "வெளை... யாட்டு... இ... இல்ல."

கண்ணைத் திறந்தபோது மாப்பிள்ளையின் அம்மா கோப்பையைக் கீழே வைத்திருந்தார். என் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? புள்ளைங்களுக்கும் வருமா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா. கோபமாகக் கேட்கவில்லை. அதனால் இன்னும் வலித்தது.

"தெ... தெரி... யாது" என்றேன். அதுதான் உண்மை.

கணேசன் இவ்வளவு நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் ஊரறிந்த வாயாடி என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். மீட்டர் பார்க்கப் போகிற ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நாயோடு பத்து வார்த்தை பேசி, வீட்டுக்காரரோடு நூறு வார்த்தை பேசிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். நான் திக்கும்போது மிச்சத்தைச் சொல்லிவிடத் துடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார். "என் காதப் பத்திப் பூனைகிட்ட ஏதோ சொன்னீங்க. அத எங்கிட்டயே சொல்லுங்களேன்."

"டேய், சும்மா இருடா" என்றார் அவர் அம்மா.

எனக்கு முகம் எரிந்தது. கேலி செய்கிறாரா என்று பார்த்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு, ஃபெரி வரக் காத்திருக்கிறவர்மாதிரி சாவகாசமாக இருந்தார். சரி, வருவது வரட்டும் என்று ஆரம்பித்தேன்.

உங்களுக்கு ஒன்று தெரியுமா? திக்குவாய்க்காரர்களால் நகைச்சுவை சொல்ல முடியாது. முடிவதற்குள் கேட்பவர் ஊகித்துவிடுவார். இரக்கப்பட்டு முன்கூட்டியே சிரித்துவைப்பார். அந்தச் சிரிப்பைப்போல் கொடுமை வேறில்லை. அதனாலேயே அதுவரை நான் எந்த மனிதரிடமும் ஒரு நகைச்சுவை சொன்னதில்லை.

அன்று சொன்னேன். காது, மீட்டர், ரோடு, சத்தம். ஒவ்வொரு சொல்லும் ஒரு மூட்டை. இறக்கி இறக்கி வைத்தேன். தேத்தண்ணியில் ஆடை படிந்தது. பாதியில் துரை உள்ளே வந்து அவர் காலை முகர்ந்தது, அவர் குனியவில்லை. "வீ... வீட்டுக்குள்ள வர... வே... வேண்டியதே இ... இல்ல" என்று கடைசிச் சொல் வெளியே விழுந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு. பலகைத் தடுப்பு அதிர்ந்தது.

பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதே நகைச்சுவையை அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார். முடிவு என்ன என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் முடியும்வரை சிரிக்காமல் இருந்தார்.

அம்மாவின் காது

எழுந்து போகும்போது மாப்பிள்ளையின் அம்மா, "போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்றார். அதே வார்த்தை. அம்மா கதவைச் சாத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் கோபத்தோடு நின்றேன். "ஏ... ஏம்மா?" என்ற அளவுக்குத்தான் வந்தது.

"நீ பூனைகிட்டப் பேசறப்பலாம் நான் இந்தப் பக்கம் நின்னு கேப்பேன்" என்றாள். "நீ சின்னப் புள்ளையா இருந்ததுலேருந்து. அம்புட்டு அழகாப் பேசுவ. எம் பொண்ணு பேச்சு இதுதான்னு எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னும் ஒருத்தராச்சும் கேக்கட்டும்னு நெனச்சேன். தப்பா?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த அழுகைக்கு நடுவிலும் என் மூளை ஆராய்ச்சியை விடவில்லை: இத்தனை வருடமும் ஒருவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், எனக்குத் திக்கவில்லை!

அடுத்த சனிக்கிழமை கணேசன் தனியாக வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். "நெத்திலி. துரைக்கு" என்றார். பிறகு அம்மாவிடம் சொன்னார்: "எங்கம்மா சொல்லிட்டாங்க. 'நீ பேசற பேச்சுக்கு வீட்ல இன்னொரு ஆளாச்சும் நிதானமாப் பேசட்டும்'னு." அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பசியாறிட்டுப் போங்க தம்பி, பசியாறிட்டுப் போங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கல்யாணம் முடிந்து நிபோங் திபாலுக்கு என்னோடு துரையும் வந்தது, கூடையில், கடலைக் கடக்கும்வரை கத்திக்கொண்டே. அங்கே இன்னும் சில வருடம் எல்லோரையும் மேற்பார்வை பார்த்துவிட்டுப் போய்ச்சேர்ந்தது. அதனிடம் கடைசி நாள்வரை நான் திக்கியதில்லை.

இவரிடம் முதல் நாள் திக்கினேன், இன்றும் திக்குகிறேன். பதில் சொல்கிறவர் ஆயிற்றே. இன்று காலையில்கூட, காப்பியை மேசையில் வைத்து, "கா... கா... காப்பி ஆறிடும்" என்று சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. நான் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கோப்பையை எடுத்தார். ஆறித்தான் போயிருந்தது. குடித்தார்.